1875-ஆம் ஆண்டின் நடன விருந்தை மதுரை மேடையில் எப்படிக் காட்டுவது?

வடக்காவணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வேலை நேரம் போக மிஞ்சிய மாலைகளில் நாடகம் போடும் சிறு குழு எங்களுடையது. இந்த முறை, பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் தென்னாட்டுக்கு வந்ததை ஒட்டி ஒரு மணி நேர நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் மதுரைக்கும் வந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நான் எடுத்துக்கொண்டது மதுரை வருகையை அல்ல. மதுரைச் சீமையைச் சேர்ந்த, பாளையக்காரர் வழிவந்த, முற்றிலும் கற்பனையான ஒரு சிறு ஜமீன்தார் சென்னைக்கு அழைக்கப்படுகிறார்; இளவரசருக்காக ஆளுநர் அளிக்கும் நடன விருந்தில் ஓர் இரவு முழுவதும் நிற்கிறார்; ஊர் திரும்புகிறார். கதை இவ்வளவுதான்.

மூன்றாம் காட்சியில்தான் சிக்கல். ஜமீன்தார் எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் குதிரை வண்டியில் விருந்தரங்கத்துக்குப் போகிறார். ஆளுநரின் மனைவி இளவரசரின் கைபிடித்து நடனத்தைத் தொடங்கி வைக்கிறார். இணை இணையாக எல்லோரும் சுழல்கிறார்கள். ஜமீன்தார் ஓரமாக நின்று பார்க்கிறார். குழுவில் வாசித்துக் காட்டியபோது, பழைய திரைப்படங்களில் வில்லன் வீட்டில் நடக்கும் விருந்துக் காட்சி போலவே இருக்கிறது என்று ஒருவர் சொன்னார், மற்றவர்களும் தலையசைத்தார்கள். அப்படிப்பட்ட விருந்து உண்மையில் எந்த ஒழுங்கில் நடக்கும், நம் ஊரிலிருந்து போனவர் அங்கே எதைக் கண்டிருப்பார், மேலை நடனம் அறியாத எங்கள் நடிகர்கள் அதை எப்படிச் செய்து காட்டலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கூடல் ரயிலடி எழுதியது:

ஐயா, முதலில் உங்கள் ஜமீன்தாரை எழும்பூரிலிருந்து காப்பாற்றிவிடுவோம். எழும்பூர் நிலையம் 1908-இல் திறக்கப்பட்டது. அது மட்டுமல்ல, விழுப்புரம் வழியாகச் சென்னை செல்லும் நேர்ப்பாதையும் 1875-இல் முழுமை பெறவில்லை. மதுரையிலிருந்து புறப்படுபவர் திருச்சி போய், அங்கிருந்து மேற்கே ஈரோட்டுக்குச் சென்று, வண்டி மாறி, சேலம், ஜோலார்பேட்டை, அரக்கோணம் என்று சுற்றிக்கொண்டுதான் சென்னை சேர வேண்டும். இறங்கும் இடம் ராயபுரமாகவோ 1873-இல் திறக்கப்பட்ட சென்ட்ரலாகவோ இருக்கலாம். மதுரை–திருச்சிப் பாதையே அந்த ஆண்டுதான் போடப்பட்டது என்பதால், உங்கள் கதாநாயகனுக்கு அநேகமாக அது முதல் ரயில் பயணம். நடனத்தைக் கண்டு மலைப்பதற்கு முன்பே அவர் ஒரு முறை மலைத்திருப்பார். இரண்டாம் காட்சியில் அதற்கு இடம் கொடுங்கள்.

இளவரசரின் பயணமும் அந்தப் பாதையில்தான். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து டிசம்பர் 10 அன்று தூத்துக்குடியில் இறங்கினார். தூத்துக்குடி–மதுரைப் பாதை பொதுமக்களுக்கு 1876 தொடக்கத்தில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே அவருடைய தனி வண்டி அதில் ஓடிவிட்டது. வழியில் மணியாச்சியில் வண்டி நின்றபோது, கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களைப் பெருந்திரளாகக் கூட்டிவந்து வரவேற்புரை வழங்கினார்கள். (இருவரும் ஆயர்களானது 1877-இல், எனவே நாடகத்தில் குறிப்பிட்டால் ‘பிஷப்’ என்று சொல்ல வேண்டாம்.) மதுரையில் ஓர் இரவு, பிறகு திருச்சி, டிசம்பர் 13 அன்று சென்னை. பதினைந்தாம் தேதி சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வாரக் கடைசிக்குள் கப்பலேறிக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டுவிட்டார். உங்கள் விருந்தை இடையில் உள்ள ஏதாவது ஓர் இரவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன், இளவரசருக்குச் சில வாரங்கள் முன்னதாகத்தான் பதவியேற்றிருந்தார். அவருடைய மனைவி 1874-இலேயே காலமாகிவிட்டார். கோமகன் மகள்களுடன் சென்னைக்கு வந்திருந்தார்; விருந்தோம்பும் பொறுப்பு மூத்த மகள் லேடி மேரியுடையது. ஆகவே ‘ஆளுநரின் மனைவி’ என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில், பதவிக்கும் ஊருக்கும் புதிதான, தாயை இழந்து ஈராண்டு நிறையாத ஓர் இளம்பெண் நிற்க வேண்டும். இளவரசருக்கு அப்போது வயது 34. அவருடைய மனைவி அலெக்சாண்ட்ரா இந்தப் பயணத்தில் உடன் வரவில்லை. அரசவை நடனத்தைத் தொடங்கும் முதல் இணையே இப்படி அமைகிறதென்றால், நாடகாசிரியருக்கு அது வாய்த்தது என்றுதான் சொல்வேன்.

சுண்ணாம்புக்காரை எழுதியது:

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணியில் இருப்பவன் என்பதால் கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் மூன்றாம் காட்சியின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நீங்கள் விருந்தரங்கம் என்று எழுதியிருப்பது இன்று நாம் ராஜாஜி மண்டபம் என்றழைக்கும் கட்டடம். அண்ணா முதல் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி வரை தலைவர்களின் உடல்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்ட அந்த அகன்ற படிக்கட்டைத் தொலைக்காட்சியில் பார்க்காத தமிழர் குறைவு. அது வானியலாளராகவும் இருந்த ஜான் கோல்டிங்காம் வடிவமைத்து 1802-இல் முடிக்கப்பட்டது. பழைய கிரேக்கக் கோயிலின் சாயல், வரிசைத் தூண்கள், உள்ளே ஆளுநர்கள், தளபதிகளின் ஆளுயர ஓவியங்கள் என்று, பார்த்தவுடன் பணிய வைக்கும் நோக்கத்தோடே எழுப்பப்பட்டது. முகப்பின் முக்கோணங்களில் ஒன்று, ராபர்ட் கிளைவ் வங்காளத்தில் பெற்ற பிளாசி வெற்றிக்கு. மற்றொன்று திப்பு வீழ்ந்த 1799-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண வெற்றிக்கு.

இனி உங்கள் ஜமீன்தாரின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். கட்டடத்தைக் கட்டுவித்த ஆளுநர் எட்வர்டு கிளைவ், பிளாசிக் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை சென்னையை ஆண்டவர். அந்த ஐந்தாண்டுகளில் தெற்கே என்ன நடந்தது என்பதை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 1803-இல், கட்ட வேண்டிய வரியை நிலையாக வரையறுத்த நிரந்தரத் தீர்வை வந்தது. எஞ்சிய பாளையங்கள் ஜமீன்கள் ஆயின. படை வைத்திருந்தவர்கள் வரி வசூலித்துக் கட்டுபவர்கள் ஆனார்கள். அதாவது, ஒரே அரசு ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் மறு கையால் இந்த நடன மண்டபத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. முகப்பில் பிளாசிக்கும் சீரங்கப்பட்டணத்துக்கும் இடம் கிடைத்தது. பாளையக்காரர் போருக்குக் கிடைக்கவில்லை. அது அவர்கள் கணக்கில் பெருமை பேசத்தக்க போராகவே இல்லை. கற்பனை ஜமீன்தாரின் பாட்டனார் 1801-இல் எந்தப் பக்கம் நின்றார் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்துவிட்டால், அவர் அந்தப் படிகளில் ஏறும் நடையே ஒரு காட்சியாகிவிடும். கும்பினியின் பக்கம் நின்று ஜமீனைக் காப்பாற்றிக்கொண்டவராக அவரை வைத்தால் இன்னும் நல்லது என்று தோன்றுகிறது. எதிர்த்து நின்றவரின் பேரனாக்கினால் வசனம் தானாக முழங்கத் தொடங்கிவிடும்.

திருமலை நாயக்கர் மகாலை நாடகத்துக்குப் பின்புலமாகப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்பேன். இடிந்துகொண்டிருந்த மகாலைச் சீர்திருத்தும் பணியை 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு தொடங்கி வைத்தார். அதன் பருத்த தூண்களும் சுதை வேலைப்பாடும் வேறோர் உலகம். ராஜாஜி மண்டபமாக அதைக் காட்டினால் மதுரைப் பார்வையாளர்கள் முதல் நிமிடத்திலேயே சிரித்துவிடுவார்கள். வெறும் படிக்கட்டு ஒன்றைப் பலகையில் செய்துகொள்ளுங்கள்; போதும்.

பலகை என்றதும் நினைவுக்கு வருகிறது. இதே இளவரசர் 18 வயதில் அமெரிக்கா சென்றபோது, 1860 அக்டோபர் 12 அன்று நியூயார்க்கின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் அவருக்குப் பெரிய நடன விருந்து அளித்தார்கள். அழைக்கப்பட்டதைவிட மிக அதிகமானோர் வந்து குவிந்ததில், நடனத்துக்காகப் புதிதாகப் போட்டிருந்த மரத்தளத்தின் ஒரு பகுதி உள்வாங்கிவிட்டது. தச்சர்களை வரவழைத்து, விருந்தினர் காத்திருக்க, ஆணியடித்துச் சரிசெய்த பிறகே நடனம் தொடங்கியது. உங்கள் நாடகத்தில் இதற்கு இடமில்லை. மேடை போடுபவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.

நட்டுவாங்கம் எழுதியது:

இரண்டு பதிவுகளும் பயனுள்ளவை. பரதநாட்டியம் கற்பிப்பவள் என்ற முறையில் நடனத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

விருந்து என்றவுடன் நாம் நினைப்பது வால்ட்ஸ். இணைகள் தழுவியபடி சுழலும் நடனம். ஆனால் அரச விருந்தினர் கலந்துகொள்ளும் விருந்து பெரும்பாலும் குவாட்ரிலில்தான் தொடங்கும். நான்கு இணைகள் சதுரத்தின் நான்கு பக்கங்களில் எதிரும் புதிருமாக நின்று, ஐந்து பகுதிகள் கொண்ட ஒழுங்கில் முன்னே வருவதும், பின்வாங்குவதும், இடம் மாறுவதும், கைகோத்து ஒரு சுற்றுச் சுற்றி விடுவதுமாக ஆடுவார்கள். இளவரசர் நிற்கும் சதுரத்தில் யார் யார் நிற்பது என்பது முன்கூட்டியே பதவி வரிசைப்படி முடிவு செய்யப்பட்டிருக்கும். பிறகு வால்ட்ஸ், போல்கா, லான்சர்ஸ், காலப் என்று மாறி மாறி வரும். பெண்களின் கையில் சிறு அட்டை ஒன்று தொங்கும். எந்த நடனத்துக்கு யாருடன் ஆடுவது என்று அதில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். நள்ளிரவை ஒட்டி இரவு உணவு. அதன் பின்னும் நடனம் தொடரும்.

உங்கள் நடிகர்களுக்கு வால்ட்ஸ் கற்றுக்கொடுக்க முயல வேண்டாம். சில வாரப் பயிற்சியில் அது வராது, வந்ததுபோல் காட்டினால் கேலிக்கூத்தாகிவிடும். குவாட்ரில் அப்படியல்ல. அது பெரும்பாலும் நடையும் ஒழுங்கும்தான். கோலாட்டத்தில் இடம் மாறி ஆடிப் பழகியவர்கள் ஒரே மாலையில் அதன் போக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எட்டுப் பேர் போதும். மேலும், நீங்கள் காட்ட வேண்டியது களிப்பை அல்ல, தகுதி வரிசையை. அதற்கு வால்ட்ஸைவிடக் குவாட்ரிலே பொருத்தம்.

ஜமீன்தாருக்கு இது எப்படித் தோன்றியிருக்கும் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருடைய ஊரில் ஆடுவது என்பது ஒரு தொழில். கோயிலிலும் அரண்மனையிலும் திருமண வீட்டிலும் சின்னமேளம் என்னும் ஆட்டக் குழு வைத்துச் சதிர் ஆடுபவர்கள் தேவதாசி மரபினர்; நட்டுவனார் தாளம் தட்ட, முட்டுக்காரர் மிருதங்கம் வாசிக்க, பின்னால் சுருதிக்கான துத்தி ஒலிக்கும். உயர்ந்தவர் உட்கார்ந்து பார்ப்பார். ஆடுபவர் அவருக்கு முன் ஆடுவார். இங்கோ ஆளுநரின் மகளும் அரசியின் மகனும் தாங்களே எழுந்து ஆடுகிறார்கள். அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பெரியவர்கள் நின்று பார்க்கிறார்கள். யார் ஆடுகிறார், யார் பார்க்கிறார் என்ற ஒழுங்கு அவர் கண்முன்னே தலைகீழாகிறது. அதை அவர் அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ‘நாம் பார்க்க இவர்கள் ஆடுகிறார்களே’ என்று ஒரு கணம் உள்ளூர மகிழ்ந்துகூட இருக்கலாம்!

அதே வாரத்தில் சென்னையின் இந்தியப் பிரமுகர்கள் தங்கள் சார்பில் இளவரசருக்கு ஒரு கேளிக்கை விருந்து அளித்தார்கள். அது நடந்த இடம் ராயபுரம் ரயில் நிலையம்; அலங்கரித்து மண்டபமாக்கியிருந்தார்கள். அங்கே சதிர் ஆடப்பட்டது. இளவரசர் உட்கார்ந்து பார்த்தார். ஒரே வாரத்தில் இரண்டு அரங்குகள்: ஒன்றில் ஆள்பவர் ஆட ஆளப்படுபவர் பார்க்கிறார், மற்றொன்றில் ஆளப்படுபவர் கூலி கொடுத்து ஆட வைக்க ஆள்பவர் பார்க்கிறார். இரண்டிலும் ஜமீன்தார் இருந்தார் என்று வைத்தால், மூன்றாம் காட்சிக்கு எதிர்க்காட்சி கிடைத்துவிடுகிறது. அந்தச் சதிர்க்காரப் பெண்களுக்கும் ஒரு வசனமாவது கொடுங்கள். பின்னாளில் 1893-இல், நாட்டியக் கச்சேரி வைக்கும் விருந்துகளுக்கு வரக்கூடாது என்று சீர்திருத்தக்காரர்கள் வைசிராயிடமும் சென்னை ஆளுநரிடமும் விண்ணப்பித்தபோது, இருவரும் மறுத்துவிட்டார்கள். 1947-இல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இந்த நெடிய வழக்கில் ஆடியவர்களைத் தவிர மற்ற எல்லோரும் நிறையப் பேசிவிட்டார்கள்.

இசை பற்றி ஒரு சொல். இளவரசர் நுழைந்ததும் படைப்பிரிவின் பேண்டு அரச வாழ்த்தை இசைக்கும். அந்த மெட்டு ஜமீன்தாருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டியதில்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மேலை வாத்தியக் குழுவை வைத்திருந்தார். 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசாமி தீட்சிதர், பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் (பாடல் வரிகள்) அமைத்து நோட்டுஸ்வரங்களாக ஆக்கியிருக்கிறார்; அரச வாழ்த்து மெட்டும் அவற்றில் ஒன்று. ஆகவே பேண்டு அரசியை வாழ்த்தும் நேரத்தில், உங்கள் ஜமீன்தார் அம்பாளைப் பாடும் சாகித்தியத்தைத் தமக்குள் முணுமுணுக்கலாம். இது வரலாற்றுக்கு முரணில்லாத கற்பனை. மதுரை அவைக்கு விளக்கமே தேவைப்படாது.

வடக்காவணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. எழும்பூரும் ஆளுநரின் மனைவியும் போயினர். பதிலுக்கு ஈரோட்டுச் சந்திப்பும் லேடி மேரியும் கிடைத்திருக்கிறார்கள். பாட்டனார் கும்பினியின் பக்கம் நின்றவர் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். நட்டுவாங்கம் அம்மா சொன்ன இரண்டு அரங்குகள் யோசனைதான் நாடகத்தின் முதுகெலும்பாக இருக்கப்போகிறது.

இப்போது சிறிய விஷயங்களில் தடுமாறுகிறேன். ஜமீன்தார் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்குமா? உணவு மேசைக்குப் போவாரா? இவ்வளவு தூரம் சுற்றி வந்து, செலவு செய்து, ஓர் ஓரத்தில் நிற்பதற்கு அவர் ஏன் சம்மதித்தார் என்று எங்கள் குழுவில் இளையவர்கள் கேட்கிறார்கள். அவரைக் கோபக்காரராக்கினால் தேசபக்தி நாடகமாகிவிடுகிறது, பணிந்துபோகிறவராக்கினால் கோமாளியாகிவிடுகிறார்.

பழைய பேரேடு எழுதியது:

இரண்டும் வேண்டாம் ஐயா. அவர் கணக்குப் பார்க்கிறவர், அப்படியே வையுங்கள்.

ஒரு ஜமீன்தாரின் நிலை அன்று எவ்வளவு வழுக்கலானது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். திருவிதாங்கூர், கொச்சி அரசர்களுக்குப் பீரங்கி முழக்க மரியாதை உண்டு. எத்தனை குண்டு என்பதும் வரையறுக்கப்பட்டது. எவ்வளவு பெரிய நிலக்கிழாராக இருந்தாலும் ஜமீன்தாருக்கு அந்த உரிமை இல்லை. அரசுக்குச் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் வரியைத் தவணையில் கட்டத் தவறினால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். வாரிசு சிறுவனாக இருந்தால் நிர்வாகம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்னும் அரசுக் காப்பாளர் அமைப்பின் கைக்குப் போய்விடும். நம் பக்கத்து ராமநாதபுரமே அந்த ஆண்டு அந்த நிலையில்தான் இருந்தது. 1873-இல் முத்துராமலிங்க சேதுபதி மறைந்தபோது பாஸ்கர சேதுபதி சிறுவர். 1889-இல்தான் ஜமீன் அவர் கைக்கு வந்தது. சேதுபதிகளுக்கே இந்தக் கதி என்றால் உங்கள் சிறு ஜமீன்தார் எதற்கெல்லாம் அஞ்சியிருப்பார்! கலெக்டரின் நற்சொல், வருவாய் வாரியத்தில் ஒரு பரிச்சயம், நீதிமன்றத்தில் நிலுவையில் கிடக்கும் தாயாதி வழக்கு ஆகிய மூன்றுக்காகவும் அவர் அந்தப் படிகளில் ஏறுகிறார். அழைப்பிதழ் என்பது ஊருக்குத் திரும்பி வந்ததும் பங்காளிகளுக்குக் காட்ட வேண்டிய ஆவணம். நடனம் அவருக்கு இரண்டாம் பட்சம். யார் யாருக்கு அருகில் நிற்கிறார், யாரை ஆளுநர் பெயர் சொல்லி அழைக்கிறார் என்பதைத்தான் இரவு முழுவதும் அவர் கண்கள் எழுதிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் நட்டுவாங்கம் அம்மாவிடமிருந்து சற்று விலகுகிறேன். ஆடுபவர், பார்ப்பவர் தலைகீழாவது நமக்கு இன்று அழகாகத் தெரிகிறது. ஆனால் ஜமீன்தார் அங்கே வெறும் பார்வையாளர் அல்லர், அவரும் காட்சிப்பொருள்தான். சரிகைத் தலைப்பாகை, மார்பில் பதக்கம், இடையில் வாள் என்று அவர்கள் வந்து நின்றால்தான் அந்த மண்டபம் பேரரசின் மண்டபமாகத் தெரியும். வெள்ளைக்காரர்கள் மட்டும் ஆடினால் அது இங்கிலாந்தில் நடக்கும் எந்த விருந்தையும் போன்றதாகிவிடும். அவர் அதை அறிந்தே, தம்மை விலைக்கு வைக்காமல் வாடகைக்கு மட்டும் கொடுத்துவிட்டு வருகிறார்.

செருப்பு விஷயம் அன்று பெரிய சச்சரவு. ஐரோப்பிய முறைக் காலணியும் காலுறையும் அணிந்து வரும் இந்தியர் அவற்றோடு உள்ளே வரலாம்; நாட்டுச் செருப்பு அணிந்தவர் கழற்ற வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு அரசு அந்நூற்றாண்டின் பிற்பாதியில் வந்து சேர்ந்தது. ஆகவே ஜமீன்தார் சென்னையில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்குகிறார், அது கடிக்கிறது, இரவு முழுவதும் நிற்கிறார் என்று வைத்தால் அவர் முகத்தில் தெரியும் வேதனைக்குப் பார்வையாளர்கள் ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். உணவு மேசைக்கு அவர் போகமாட்டார். அக்காலத்து இந்துப் பெரிய குடும்பத்தவர் ஐரோப்பியரோடு அமர்ந்து உண்பது சாதி விலக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். எல்லோரும் உண்ணப் போன பிறகு காலியான மண்டபத்தில் அவரும், அவரைப் போன்ற சிலரும், கூரையில் தொங்கும் பங்கா விசிறியைக் கயிற்றால் இழுக்கும் ஆட்களும் மட்டும் மிஞ்சுகிற அந்த அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். பேச்சு எல்லாவற்றையும் அங்கே வைக்கலாம். தமிழில் பேசுவதற்கு அந்த மாலையில் அவருக்குக் கிடைக்கும் முதல் ஆட்கள் பங்கா இழுப்பவர்கள்தான்.

செலவைப் பற்றியும் ஒரு வரி வரட்டும். இந்தப் பயணத்துக்காக டிஸ்ரேலியின் அரசு, கப்பலுக்கென்று 52,000 பவுனும், இளவரசரின் கைச்செலவுக்கென்று 60,000 பவுனும் பெற்றது. இந்திய அரசின் பங்காக 30,000 பவுன் வைக்கப்பட்டது. லண்டனிலேயே அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. சமஸ்தானங்களும் ஜமீன்களும் நகரப் பிரமுகர்களும் தோரணத்துக்கும் வாணத்துக்கும் பரிசுப்பொருளுக்கும் இறைத்தது அதற்கு மேல். மறு ஆண்டே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் போதும் ஆளுநர் இதே பக்கிங்காம்தான். பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டிய கால்வாய்க்குத்தான் அவர் பெயர் நின்றது. 1877 ஜனவரி 1 அன்று, பஞ்சம் தலைவிரித்தாடும்போது, டெல்லி தர்பாருக்கு அவர் போயாக வேண்டியிருந்தது. நாடகத்தில் பஞ்சத்தைக் காட்ட வேண்டாம். நிகழ்வது 1875 டிசம்பர். அங்கே நிற்பவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

மேலமாசி எழுதியது:

ஒரு யோசனை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறினார். அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு வேல்ஸ் இளவரசர் பம்பாயில் இறங்கியபோது புறக்கணிப்பும் கலவரமும்; 1922 ஜனவரியில் சென்னைக்கு வந்தபோது இங்கும் கடையடைப்பு. 1875-இல் சரிகை போர்த்தி நின்ற ஜமீன்தாரின் பேரன் 1921-இல் வெளிநாட்டுத் துணியைக் கொளுத்துவதாக நாடகத்தை முடித்தால் மதுரையில் கைதட்டல் கூரையைப் பிய்த்துவிடும்.

நட்டுவாங்கம் எழுதியது:

கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். ஆனால் அது வேறு நாடகம். பேரனின் கடைசிக் காட்சிக்காகப் பாட்டனாரின் ஓர் இரவைப் பலிகொடுக்க வேண்டுமா?

பழைய பேரேடு ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஜமீன்தாரும் காட்சிப்பொருள்தான் என்றால், ராயபுரத்தில் ஆடும் பெண் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறாள் என்று வைக்கலாம். அந்த மண்டபத்தில் அவருடைய வேலை என்ன என்பது அவளுக்கு மட்டும் உடனே புரிந்துவிடும். அவள் பேச வேண்டிய வசனம் என்று நான் முன்பு சொன்னேனே, அது இதுதான்.

வடக்காவணி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். 1921 வரை போகப்போவதில்லை. அந்த யோசனையை மேலமாசி நண்பரே தனி நாடகமாக எழுதினால் நாங்கள் நடிக்கத் தயார். மூன்றாம் காட்சி இப்போது படிக்கட்டில் தொடங்கி, குவாட்ரிலில் ஒரு சுற்று முடிந்ததும் விருந்தினர் உணவுக்குப் போக, காலி மண்டபத்தில் ஜமீன்தாரும் பங்கா இழுப்பவரும் பேசுவதில் நிலைக்கிறது. வால்ட்ஸ் திரைக்குப் பின்னால் இசையாக மட்டும் கேட்கும். நான்காம் காட்சி ராயபுரம். அரச வாழ்த்து மெட்டை வயலினில் வாசிக்க ஒருவர் இசைந்திருக்கிறார். அதே மெட்டில் சாகித்தியத்தைப் பாடிக்காட்ட நட்டுவாங்கம் அம்மா ஒரு மாலை ஒத்திகைக்கு வர இயலுமா என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறேன்.

பழைய பேரேடு ஐயாவுக்கு ஒரு கேள்வி: மதுரைப் பக்கத்து ஜமீன்தார் பங்கா இழுப்பவரை எப்படி விளித்திருப்பார்? ‘ஏய்’ என்று எழுதினால் நடிகர் தயங்குகிறார். ‘தம்பி’ என்று எழுதினால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பழைய பேரேடு எழுதியது:

அவர் முதலில் ‘எந்த ஊருடா?’ என்றுதான் கேட்பார். பங்கா இழுப்பவர் தெற்கத்திக்காரராக இருந்து ஊர்ப்பெயரைச் சொன்னதும் ‘டா’ போய்விடும். ‘அப்படியா, அங்கே யார் வீடு?’ என்று மாறிவிடும். ஜமீன்தார் குரல் தணிவதற்கு அந்த ஒரு பதில் போதும். ஆனால் பதில் சொல்பவர் கயிற்றை இழுப்பதை நிறுத்தக் கூடாது என்று நடிகரிடம் சொல்லிவிடுங்கள். பேசினாலும் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கங்காணி வாசலில் நிற்கிறார்.